மின்ட்டுக்கு மாறியாச்சு, இது மட்டும் ஓடவில்லை: கோளாறு வாரியாக ஒரு வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸராக இருந்தால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். பெங்களூரில் அல்சூர், விவேக்நகர், ஆஸ்டின் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் நம் ஆட்கள் வீட்டில் இருக்கும் லேப்டாப்களில் பல அதற்கு முந்தியவை. கீபோர்டு, திரை எல்லாம் நன்றாக இருக்கும் மெஷினைத் தூக்கிப் போட மனம் வராமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்களிடமிருந்து வந்த கேள்விகளைத்தான் கீழே கோளாறு வாரியாக வைத்திருக்கிறேன்.

எழுதியிருப்பது மின்ட் 22 வரிசைக்கு. இதற்கு 2029 வரை அப்டேட் வரும். 4 ஜிபி ராம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பு. இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், மெனுப் பெயர்கள்தான் கொஞ்சம் மாறும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஏதாவது நின்றவுடன் "ஃபார்மட் பண்ணி மறுபடி போடுங்க" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். மறுபடி போட்டாலும் அதே கோளாறு அதே இடத்தில் நிற்கும், நடுவில் உங்கள் கோப்புகள் போயிருக்கும்.

கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளுக்கு, மாறும்போது வரும் தொல்லைகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கின்றன. ஒன்று, உங்கள் இயந்திரத்தின் ஏதோ ஒரு சிப்புக்கு டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், இல்லை. இரண்டு, உங்கள் கோப்பு ஒரே ஒரு நிறுவனத்தின் முறையில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று, எதிர்ப்பக்கம் இருக்கும் வங்கியோ அரசுத் தளமோ வீடியோ சேவையோ உங்களை உள்ளே விட மறுக்கிறது. முதலாவதற்குத் தீர்வு உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவதற்கு ஒருமுறை உட்கார்ந்து மாற்றினால் வேலை முடிந்தது. மூன்றாவதற்கு மாற்றுவழிதான் தேட வேண்டும். உங்கள் கணினியை எவ்வளவு நோண்டினாலும் சரியாகாது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் ராத்திரி இரண்டு மணிவரை உட்காருபவர்கள்தான் கடைசியில் வெறுத்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

எது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும். மின்ட் போட்ட அதே பென்டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமலேயே அந்த வேலையைச் செய்து பாருங்கள். வைஃபை, பிரிண்டர் போன்றவை அங்கேயும் ஓடவில்லை என்றால் டிரைவர் விஷயம். அங்கே ஓடுகிறது என்றால் உங்கள் கணினியின் அமைப்பில் ஏதோ மாறியிருக்கிறது. அப்புறம், யூசர்ஸ் அண்ட் குரூப்ஸில் ஒரு புதிய பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். புதிய கணக்கில் சரியாக ஓடினால் கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள ஏதோ ஒரு செட்டிங். மெஷின் நல்லபடியாகத்தான் இருக்கிறது.

பென்டிரைவ் போட்டாலும் விண்டோஸே திறக்கிறது

பூட் மெனு விசை ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9. லோகோ வருமுன்பே விடாமல் தட்ட வேண்டும்.

இன்ஸ்டாலரில் ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை

இன்டெல் ஆர்எஸ்டி முறையில் டிஸ்க் வைக்கப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில், ஸ்டோரேஜ் பகுதியில் அதை ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும். விண்டோஸை அழித்துவிடப் போகிறீர்கள் என்றால் நேராக மாற்றலாம். இரண்டையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் பொறுங்கள்: முதலில் விண்டோஸை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்து, ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் திறந்தபின் அந்த அமைப்பை எடுத்துவிடுங்கள். இப்படிச் செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

பயாஸில் கை வைத்ததும் விண்டோஸ் 48 இலக்கச் சாவி கேட்கிறது

இது பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் பூட்டு. பல லேப்டாப்களில் வாங்கும்போதே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், சொந்தக்காரருக்கே தெரியாது. பயாஸில் செக்யூர் பூட்டையோ டிஸ்க் முறையையோ மாற்றினால் யாரோ திருட வருகிறார்கள் என்று நினைத்து அது சாவி கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருந்தால் அந்தக் கணக்கின் பக்கத்தில் ரெக்கவரி கீ பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும், போனிலிருந்தே பார்க்கலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்து, சாவியும் எங்கும் இல்லை என்றால் உள்ளே இருக்கும் படங்களை யாராலும் எடுக்க முடியாது. கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் முடியாது, "எடுத்துத் தருகிறோம்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அதனால், மாறப்போகிறேன் என்று முடிவு செய்த அன்றைக்கே, வேறு எதையும் தொடுமுன், இந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். இந்த இரண்டைச் செய்தவருக்கு மற்ற எல்லாக் கோளாறும் சின்னக் கோளாறுதான்.

வைஃபை பட்டியலே வரவில்லை

பழைய டெல், ஹெச்பி மெஷின்களில் பிராட்காம் சிப் இருந்தால் இது சகஜம். சில ரியல்டெக் சிப்களுக்கும் உண்டு. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்று சுற்றும். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் மின்ட் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கும் டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும்.

டிரைவர் போட்டும் வரவில்லை என்றால் செக்யூர் பூட்டைப் பாருங்கள். கையெழுத்திடாத டிரைவரை அது ஏற்காது. டிரைவர் போடும்போதே ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லியிருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் மோக் மேனேஜ்மென்ட் என்று ஒரு மெனு சில நொடிகள்தான் நிற்கும். அதில் என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். பலர் ஏதோ பிழை என்று எண்ணி என்டர் தட்டித் தாண்டிவிடுகிறார்கள். தவறவிட்டிருந்தால் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள், மெனு திரும்ப வரும்.

எதுவும் சரிப்படவில்லை என்றால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள். மீடியாடெக் எம்டி7601யூ, ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ளவற்றுக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடேயே டிரைவர் வருகிறது. கடையில் மாடல் பெயரைக் கேட்காதீர்கள், சிப் என்ன என்று கேளுங்கள். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பில் ஒரு சிப்பும் இரண்டாம் பதிப்பில் வேறு சிப்பும் வருவது இந்த வியாபாரத்தில் வாடிக்கை.

நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லை

புதிய கெர்னல் வந்திருக்கும். பழையது இன்னும் உங்கள் மெஷினில்தான் இருக்கிறது. ஆன் செய்யும்போது எஸ்கேப் (பழைய மெஷினில் ஷிஃப்ட்) தட்டி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். ஓடினால் அதிலேயே இருங்கள், அடுத்த கெர்னல் வரும்வரை அவசரமில்லை.

அப்டேட் நடுவில் கரண்ட் போய், பேட்டரியும் இல்லாமல் அணைந்திருந்தால் வேறு கதை. மழை நாளில் நம் ஊரில் இது நடக்கும். அதே மெனுவில் ரெக்கவரி மோடு உண்டு. உள்ளே போனால் டிபிகேஜி என்ற வரி, பாதியில் நின்ற பேக்கேஜ்களைச் சரிசெய்யும். கிளீன் என்ற வரி இடம் காலி செய்யும். பாஸ்வேர்டு சரியாகத் தந்தும் உள்ளே விடாமல் லாகின் திரைக்கே திரும்பத் திரும்ப வருகிறதா? டிஸ்க் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம், கிளீன் வரியை முதலில் பாருங்கள்.

டைம்ஷிஃப்ட்டை முதல் நாளே அமைத்துவிடுங்கள். சிஸ்டத்தை நேற்றைய நிலைக்குக் கொண்டுபோகும், பென்டிரைவில் பூட் செய்தும் மீட்கலாம். ஆனால் அது சாதாரணமாக உங்கள் படங்களையும் கடிதங்களையும் சேமிப்பதில்லை, சிஸ்டத்தை மட்டும்தான்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளியிருக்கிறது

மின்ட்டும் விண்டோஸும் ஒரே மெஷினில் இருப்பவர்களுக்கு. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாக வைக்கிறது, விண்டோஸ் இந்திய நேரமாக வாசிக்கிறது. மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் ஐந்தரை மணி பின்னால் காட்டும். டெர்மினலில் ஒரே ஒரு வரி போதும்: டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1. எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில். டைம்டேட்டோடு சி, டி, எல் மூன்றையும் ஒட்டி எழுத வேண்டும்.

தேதியே பல வருடம் பின்னால் போய், எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று சொன்னால் காரணம் வேறு. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும்.

விண்டோஸ் டிரைவில் உள்ளதைப் பார்க்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். ஷட் டவுன் செய்ததுபோல் தெரியும், உண்மையில் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் டிரைவில் எழுதினால் கோப்புகள் கெடும் என்பதால் மின்ட் எழுத மறுக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் அதை எடுத்துவிடுங்கள்.

தமிழ்99 வருகிறது, புள்ளி தானாக விழவில்லை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மாற்றம் நிலைப்பதா இல்லையா என்பது பெரும்பாலும் தமிழ் எழுத வருகிறதா என்பதில்தான் இருக்கிறது.

மின்ட்டில் தமிழ் தட்டச்சு இரண்டு இடங்களில் இருக்கிறது. கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட்99 என்று ஒன்று தெரியும். அது எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை மட்டும் அறியும். அம்மா என்று எழுத மகரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி வைக்க அதற்குத் தெரியாது. அந்த அறிவு ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் இருக்கிறது. ஆகவே லேஅவுட் பட்டியலில் போட்ட தமிழை எடுத்துவிடுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்பதை நிறுவி, இன்புட் மெதட் என்ற கருவியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். லாக் அவுட் செய்யாமல் "வரவில்லை" என்பவர்கள்தான் அதிகம். பிறகு ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழ் என்று தேடினால் தமிழ்99, பொனெட்டிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் இருக்கும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கும் வீட்டில் அதே பட்டியலில் கன்னடத்தையும் சேர்த்துவிடுங்கள், ஒரே விசையில் மூன்று மொழியும் சுற்றிவரும்.

வேர்டுக்குப் பதிலாக மின்ட்டில் இருக்கும் லிப்ரே ஆபீஸில் தமிழ் எழுத்து மட்டும் வேறு எழுத்துருவில் விழுகிறது, மாற்றினாலும் புதுக் கோப்பில் பழையபடி ஆகிறது என்றால்: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை ஆன் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் ரைட்டர் பகுதியில் சிடிஎல் எழுத்துருக்கள் என்று தனிப்பக்கம் தோன்றும். தமிழுக்கான எழுத்துருவை அங்கேதான் வைக்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் ஆங்கிலத்துக்கும் இந்திய மொழிகளுக்கும் தனித்தனி எழுத்துரு வைத்துக்கொள்ளும்.

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது

அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு வருஷக்கணக்காக எழுதிய கட்டுரைகள் எல்லாம் ஒரு சிடியில். மின்ட்டில் திறந்ததும் முகம் வாடிவிட்டது. "தம்பி, எல்லாம் போச்சா?" என்றார். "இல்லைங்க ஐயா, ஒண்ணும் போகலை" என்று சொல்லித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். தலைப்பில் ஓரிடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அடுத்து ஓர் அரைப்புள்ளி. அதைப் பார்த்த உடனே விஷயம் புரிந்துவிட்டது. பாமினி எழுத்துருவில் தமிழ் என்ற சொல்லை அடித்தால் கோப்புக்குள் விழுவது அந்த ஐந்து குறிகள்தான். த-வுக்கு ஜே, ம-வுக்கு கே, இகரக் கொக்கிக்கு பி, ழ-வுக்கு ஓ, புள்ளிக்கு அரைப்புள்ளி.

எல்லா மொழிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரி எழுத்துருக்களில் கோப்புக்குள் தமிழே இருக்காது. இருப்பது ஆங்கிலக் குறிகள். அவற்றுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத மெஷினில் உடை கழன்று குறிகள் மட்டும் தெரிகின்றன. பாமினி, வானவில், டாம், டாப், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கணக்கு.

வாசிக்க மட்டும் வேண்டுமென்றால் பழைய மெஷினிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து இரட்டை கிளிக் செய்து நிறுவினால் போதும். ஆனால் நான் அதோடு நிறுத்தச் சொல்லமாட்டேன். அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது, பேரப்பிள்ளைகள் நாளைக்குத் திறந்தால் அவர்களுக்கும் ஆங்கிலக் குறிகள்தான். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஓபன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் தொகுப்பில் பல பழைய குறியாக்கங்களுக்கு மாற்றி இருக்கிறது. இணையத்திலும் மாற்றிகள் கிடைக்கின்றன. எந்தக் குறியாக்கம் என்று முதலில் உறுதி செய்து, ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள். குறிப்பாகக் கொம்பு வரும் சொற்களைப் பாருங்கள். பழைய முறையில் கே என்பதற்குக் கொம்பு முதலில், ககரம் பின்னால். யூனிகோடில் ககரம் முதலில். தவறான மாற்றியைப் பிடித்தால் முதலில் குழம்புவது இங்கேதான். ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்பில் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக எண்ணி மாற்றிவிடும், அவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

அந்தப் பெரியவரோடு உட்கார்ந்து முதல் கட்டுரையை மாற்றி முடித்ததும், அதில் வரும் ஒரு ஊர்ப் பெயரைத் தேடச் சொன்னேன். எல்லா இடத்திலும் மஞ்சள் நிறத்தில் காட்டியது. தான் எழுதியதிலேயே தேட முடிகிறது என்பதை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். மீதியை அவரே மாற்றிக்கொண்டிருக்கிறார்.

பள்ளியிலிருந்து வரும் கன்னடச் சுற்றறிக்கை இப்படிக் கொட்டினால் நுடி எழுத்துருவாக இருக்கும். அதே நோய், அதே மருந்து. நுடியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிகள் உண்டு.

கோப்பே இல்லை, அச்சிட்ட தாள்தான் இருக்கிறதா? ஸ்கேன் செய்து டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரியில் கொடுங்கள். தமிழுக்கான தரவை சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே நிறுவலாம். சுத்தமான அச்சாக இருந்தால் நன்றாகவே வாசிக்கிறது.

வேர்டில் ஒரு பக்கம், இங்கே ஒன்றேகால் பக்கம்

எழுத்துரு இல்லாததால் வரிகள் நீள்கின்றன. கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்பிரியாவுக்குப் பதில் கலேடியா. இவை எழுத்து அகலம் சரியாகப் பொருந்தும்படி செய்யப்பட்டவை. ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள். நிறுவியதும் லிப்ரே ஆபீஸ் தானே இணைத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட்டின் இப்போதைய புது இயல்பெழுத்துரு ஆப்டாஸ். அதில் எழுதிய கோப்புக்கு இந்த மாற்று உதவாது.

வேலைக்கு அனுப்பும் பயோடேட்டாவை எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எதிரில் இருப்பவர் திருத்த வேண்டிய கோப்பை மட்டும் வேர்டின் டாக்ஸ் வடிவில் சேமியுங்கள். உங்களுக்கென்று வைத்துக்கொள்வது லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடியிலேயே இருக்கட்டும்.

பிரிண்டர் அசையவில்லை

கட்டற்ற மென்பொருள் இயக்கமே பிரிண்டரில்தான் தொடங்கியது. எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் தந்த லேசர் பிரிண்டரில் தாள் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி மாற்ற அங்கே நிரல் எழுதிவந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூலநிரல் தரப்படவில்லை. 1983 செப்டம்பர் 27-ஆம் தேதி கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதும் குனூ திட்டத்தை அவர் அறிவித்ததற்குப் பின்னால் அந்த அனுபவமும் இருக்கிறது.

பிரிண்டர் எந்த மொழி பேசுகிறது என்பதுதான் கேள்வி. ஏர்பிரின்ட் என்று பெட்டியில் போட்டிருந்தால் டிரைவரே வேண்டாம், ஒரே வைஃபையில் இருந்தால் மின்ட் தானாகக் கண்டுபிடிக்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் பேசுபவையும் பிரச்சினை தராது. எப்சன் இங்க்ஜெட்டுக்கு இஎஸ்சிபிஆர் டிரைவர் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே இருக்கிறது. பிரதர் தன் தளத்தில், மின்ட்டில் நிறுவக்கூடிய டெப் கோப்பு தருகிறது. ஹெச்பிக்கு ஹெச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு இருக்கிறது. ஆனால் லேசர்ஜெட் 1020 போன்ற பழைய சிறு பிரிண்டர்கள் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தங்களை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேரைக் கணினியிடமிருந்து வாங்கிக்கொள்பவை. அவற்றுக்கு ஹெச்பிலிப்பின் பிளக்இன்னையும் இறக்க வேண்டும். பிரிண்டர் தெரிகிறது, வேலையும் வரிசையில் நிற்கிறது, தாள் மட்டும் வரவில்லை என்றால் பிளக்இன் இல்லை என்று பொருள்.

நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் டியூஷன் வீடுகளிலும் அதிகம் காணும் கேனான் எல்பிபி 2900, கேப்ட் என்ற தனி மொழி பேசுவது. கம்பெனியின் லினக்ஸ் டிரைவரும் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவரும் உண்டு. ஓடவைக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் முயலுங்கள். செகண்ட் ஹேண்டில் புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் ஏர்பிரின்ட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் மீட்டிங் போனால் பாட்டு ரேடியோ மாதிரி ஆகிறது

மைக் ஆன் ஆனதும் புளூடூத் குறைந்த தரத்துக்கு மாறுகிறது. சவுண்டு அமைப்பில் மைக்கை மட்டும் லேப்டாப்பின் மைக்காக மாற்றுங்கள்.

பிடிஎஃப் படிவத்தில் "ப்ளீஸ் வெயிட்" என்று மட்டும் நிற்கிறது

எக்ஸ்எஃப்ஏ என்ற வகைப் படிவம். மின்ட்டின் பிடிஎஃப் ரீடரில் வராது. ஃபயர்ஃபாக்ஸில் திறங்கள். 2021-இல் வந்த 93-ஆம் பதிப்பிலிருந்து அது இந்தப் படிவங்களைக் காட்டுகிறது, நிரப்பவும் விடுகிறது.

வருமான வரி, ஜிஎஸ்டி, டேலி

சம்பளக்காரர்களுக்குக் கவலையில்லை. ஐடிஆர் 1 முதல் 4 வரை இணையத்திலேயே நிரப்பலாம், ஆதார் ஓடிபி வழியாக 30 நாளுக்குள் சரிபார்த்தால் முடிந்தது. ஜிஎஸ்டியில் தனியுரிமைக் கடைக்காரர்கள் ஓடிபி முறையிலேயே கையெழுத்திடலாம். கம்பெனிகளும் எல்எல்பிகளும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைத்தான் பயன்படுத்த வேண்டும். டோக்கன் தெரியவில்லை என்றால் டோக்கன் செய்தவர் லினக்ஸ் டிரைவர் தருகிறாரா, தளத்தின் கையெழுத்து மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று இரண்டையும் பாருங்கள். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் பயனில்லை. டேலி பிரைம் விண்டோஸுக்கானது. கடைக் கணக்கு அதில் இருந்தால், மின்ட்டுக்குள்ளேயே இன்னொரு இயங்குதளத்தை ஓடவிடும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸை வைத்து அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். பிழைப்பை நிறுத்திவிட்டுக் கொள்கையைக் காக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. மீதி எல்லாம் மாறியிருந்தாலே பெரிய மாற்றம்தான்.

சீரியல், படம் பார்க்கும் தளங்கள் ஓடவே இல்லை என்றால் ஃபயர்ஃபாக்ஸ் அமைப்பில் டிஆர்எம் உள்ளடக்கத்தை அனுமதியுங்கள். ஓடுகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது என்றால் அது அந்தத் தளத்தின் முடிவு. லினக்ஸ் பிரவுசருக்கு உயர்ந்த தரம் தராத சேவைகள் உண்டு, நீங்கள் எதைச் சரிசெய்தும் மாறாது.

போனில்: யுபிஐ திறக்கவில்லை, முகவரி கிடைக்கவில்லை

போனில் கம்பெனி தந்த ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு லீனியேஜ்ஓஎஸ் என்ற கட்டற்ற பதிப்பைப் போட்டபின் வங்கிச் செயலி "இந்தச் சாதனம் பாதுகாப்பற்றது" என்றால் அது மூன்றாம் வகைக் கோளாறு. பல வங்கிச் செயலிகள் கூகுளின் சோதனையைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கின்றன. காய்கறிக்காரரிலிருந்து ஆட்டோவரை யுபிஐயில் ஓடும் ஊரில், கையிலிருக்கும் ஒரே போனில் இதைச் செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டை அப்படியே வைத்து, கட்டற்ற செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டு வழியாகச் செயலிகளை மட்டும் மாற்றுங்கள்: பாஸ்வேர்டுக்கு கீபாஸ்டிஎக்ஸ், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண்ணுக்கு ஏஜிஸ், பாட்காஸ்ட்டுக்கு ஆன்டெனாபாட், படங்களுக்கு ஃபாஸிஃபை கேலரி. ஏஜிஸுக்கு மாறும்போது அதன் பேக்கப்பை எடுத்து வேறிடத்தில் வைத்த பிறகே பழைய செயலியை நீக்குங்கள்.

கட்டற்ற வரைபடச் செயலியான ஆர்கானிக் மேப்ஸில் "3-வது மெயின், 14-வது கிராஸ்" என்று தேடினால் ஊர் முழுக்கப் பத்து இடம் காட்டும், இல்லையென்றால் ஒன்றும் காட்டாது. ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஒரு 3-வது மெயின் இருக்கும் ஊர் இது. முதலில் பகுதியின் பெயரைத் தேடி வரைபடத்தை அங்கே கொண்டுபோய், பக்கத்துக் கோயிலையோ பள்ளியையோ தேடுங்கள். உங்கள் தெருவின் விவரங்கள் வரைபடத்தில் இல்லையென்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியில் நடந்துகொண்டே கடைப் பெயர், வீட்டு எண் சேர்க்கலாம். இந்த வரைபடத்துக்கு மூலமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நேரடியாகத் தமிழ்ப் பெயரும் கன்னடப் பெயரும் தனித்தனியாகப் பதியலாம், நம் பகுதிகளில் இது இன்னும் நிறையப் பாக்கி இருக்கிறது. சில்க் போர்டில் இப்போது எவ்வளவு நெரிசல் என்பதை மட்டும் ஆர்கானிக் மேப்ஸ் சொல்லாது. அதற்கு வேறு செயலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே எதிலும் அடங்காத கோளாறு

பிறரிடம் கேட்கும்போது "லேப்டாப் வேலை செய்யலை அண்ணா" என்று மட்டும் அனுப்பினால் யாராலும் உதவ முடியாது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து விவரங்களை நகலெடுத்து ஒட்டுங்கள். அதில் பிராசஸர், வைஃபை சிப், கெர்னல் எண் எல்லாம் இருக்கும். பிழைச்செய்தியை உள்ளது உள்ளபடி எழுதுங்கள், முடிந்தால் போனில் படமெடுத்து அனுப்புங்கள். கடைசியாக எது மாறியது, அப்டேட்டா, புதுக் கருவியா, கரண்ட் போனதா என்று சொல்லுங்கள். பென்டிரைவில் பூட் செய்தபோதும் புதிய பயனர் கணக்கிலும் அதே வேலை ஓடியதா இல்லையா என்பதையும் சேர்த்துவிடுங்கள். பாதிக் கேள்விகள் அந்த இரண்டு விடைகளிலேயே தீர்ந்துவிடும்.